பி பாசிட்டிவ்

கோவில்பட்டி
ஞாயிறு, கோயில் விட்டு வந்து எழுதுவது

பிரியமுள்ள மகன் ஜோபினுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

கர்த்தர் கிருபையால் நானும் உன் தங்கை சுஜாவும் எழுந்து நடமாடுகிறோம், சாப்பிடுகிறோம், வேலைக்குப் போகிறோம். நீ சுகமா? எல்லோரும் எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற கேள்விதான். நான் நிஜமாகவே கேட்கிறேன். உன் ஈரல் சுகமா என்று கேட்கிறேன். போனில் ரத்தம் என்ற சொல் என் வாயில் வந்ததும் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். புனேயில் மற்ற எல்லாச் சொல்லுக்கும் சிக்னல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்க்காதது போல் விட்டுவிடுகிறாய். கடிதத்தையும் நீ பாதியில் வைத்துவிடலாம், ஆனால் அது மேசையில் கிடக்கும். யாராவது எடுத்துப் பார்ப்பார்களோ என்ற பயத்திலாவது வாசித்து முடிப்பாய்.

மழை இந்த வருஷம் முந்திக்கொண்டது. கரிசல் குடித்துக் குடித்து ஊதிக் கிடக்கிறது, வெளியே போய்விட்டு வந்தால் செருப்போடு பாதி நிலம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அப்பாவின் கல்லறை உள்வாங்கிவிட்டது. வெயிலில் வெடித்துக் கிடந்த மண்ணைத் தோண்டிப் புதைத்தோம், முதல் மழைக்கே தலைமாட்டில் இறங்கி சிலுவை சாய்ந்து நிற்கிறது. சரள் மண் ஒரு டிராக்டர் கொட்டச் சொல்லியிருக்கிறேன். மக்காச்சோளம் போட்டவர்கள் புழுவைத் திட்டுகிறார்கள், உளுந்து போட்டவர்கள் மழையைத் திட்டுகிறார்கள். அங்கன்வாடியில் எனக்கு இந்த வருஷம் பிள்ளைகள் குறைவு. அப்பாவின் ஆட்டோவை சங்கிலிப்பாண்டியிடம் கொடுத்துவிட்டேன், ஸ்டாண்டில் அப்பாவுக்கு அடுத்த வண்டியாக நிற்பவர். பின்னால் பெயிண்டில் எழுதியிருப்பதை அழிச்சிரட்டுமா மதினி என்று கேட்டார். அழியுங்கள் என்றேன். அவர் தின்னரைத் துணியில் ஊற்றித் தேய்த்தார். பி போய்விட்டது, பாசிட்டிவ் போகவில்லை. வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

அதன் கதையை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை. நீ ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அடக்கத்துக்கு வந்தாய், எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாய், கிளம்புகிற அன்று ஸ்டேஷனில் வைத்து, யம்மா, அப்பா நமக்குத் தெரியாம குடிச்சிருப்பாவளோ என்று கேட்டாய். ரயில் வந்துவிட்டதால் நான் பதில் சொல்லவில்லை. ஈரல் என்றாலே இந்த ஊருக்குக் குடிதான். உன் பொன்மணி அத்தை, கூடப் பிறந்தவள், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, கோயில்ல முன் பெஞ்சு, கடையில பின் வாசல் என்று இன்னொருத்தி காதில் சொன்னாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். நீயும் அதையே கேட்டாய், மெதுவாக, படித்தவன் கேட்கிற மாதிரி. அப்பா குடிக்கவில்லை. பக்தியால் இல்லை. அந்த வாடை பட்டாலே அவருக்குக் குமட்டும், அவ்வளவுதான்.

நடந்தது இது. கொரோனாவுக்கு முந்தி ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, நம் கோயில் வாலிபர்கள் ரத்ததான முகாம் வைத்தார்கள். அப்பா கொடுத்தார். ஜூஸும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள், பிஸ்கட்டைச் சுஜாவுக்குக் கொண்டுவந்தார். பிறகு ஒரு நாள் ரத்த வங்கியிலிருந்து ஸ்டாண்டுக்குப் போன் வந்திருக்கிறது. கழுகுமலை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்புகிற நேரம். ஒரு பெண் வேகமாக ஏதோ சொல்லி, பி பாசிட்டிவ்னு வந்திருக்கு சார், ஒருக்க வந்து டாக்டரைப் பாருங்க என்றிருக்கிறாள். அப்பா சந்தோஷம்மா என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த முகம் எனக்கு நினைவிருக்கிறது. அதுவரை அவருக்குத் தன் ரத்தம் என்ன வகை என்று தெரியாது. இத்தன வயசுக்குப் பொறவு எனக்குன்னு ஒண்ணு தெரிஞ்சிருக்குட்டி என்றார். டாக்டரைப் பார்க்கச் சொன்னதை அவர் எடுத்துக்கொண்டது வேறு மாதிரி. நல்ல ரத்தம் என்பதால் திரும்பவும் கேட்கிறார்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். மறு வாரமே ஆட்டோவுக்குப் பின்னால், வேத வசனத்துக்குக் கீழே, சிவப்பு பெயிண்டில் எழுதச் சொன்னார். விபத்து நடந்தால் யாரும் தேட வேண்டாமே என்று. எபநேசருக்கு ரத்தமே பாசிட்டிவு, நமக்கு வாச்சதெல்லாம் நெகட்டிவு என்று அப்பாவைப் பார்த்து சங்கிலிப்பாண்டி சொன்னதற்கு ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். உன் பாலிடெக்னிக் அட்டையிலும் அதையே எழுதினார். சோதித்துப் பார்க்க வேண்டாமா என்று நான் கேட்டேன். அப்பன் ரத்தம்தானட்டி மவனுக்கு என்றார்.

போன வருஷம் அரிப்பில் தொடங்கியது. ராத்திரி பகல் சொறிந்தார், பிறகு சாப்பாடு இறங்கவில்லை, பிறகு கண் மஞ்சள். காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன், உப்பில்லாமல் சமைத்தேன். மஞ்சள் குறைந்தது போல இருந்தது, குறையவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லேபில் ஈரல் கேன்சருக்கென்று ஒரு ரத்த சோதனை இருக்கிறது, பார்த்துவிடுங்கள் என்றார்கள். பார்த்தோம். நார்மல். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் ஸ்டாண்டைச் சுற்றி வந்தார். ஏலே கேன்சர் இல்லலே, நார்மலு என்று ஒவ்வொரு வண்டியாகத் தட்டிச் சொன்னார். அன்று பிரியாணி வாங்கி வந்தார், தின்றார், வாந்தி எடுத்தார், சிரித்தார். நாங்கள் மூன்று பேரும் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னோம். கட்டி அப்போது உள்ளே இருந்திருக்கிறது. அதுவும் எங்களோடு சேர்ந்துதான் வளர்ந்துகொண்டிருந்தது. வயிறு வீங்கி, சட்டை பொத்தான் போட முடியாமல் ஆன பிறகுதான் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே அவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. வகை பார்த்தார்கள், ஓ பாசிட்டிவ் என்று வந்தது. அப்பா படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தப்பான ரத்தத்தை ஏத்திக் கொன்னுராதீக, எனக்கு பி பாசிட்டிவ், ஆட்டோக்குப் பின்னாலயே எழுதியிருக்கு, வேணும்னா போயிப் பாருங்க என்று சத்தம் போட்டார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர், அண்ணாச்சி ரத்தத்த வண்டிக்கு ஊத்திட்டாவ போல என்று சிரித்தார். நானும் சிரித்தேன். டாக்டர் சின்னப் பெண், சுஜா வயசுதான் இருக்கும். அவள் சிரிக்கவில்லை. யார் சொன்னாங்க அய்யா என்று கேட்டாள். ரத்தம் குடுத்த எடத்துல இருந்து போன் பண்ணிச் சொன்னாவ என்றார். அவள் பேனாவை மூடினாள். பி-க்கு முன்னால ஏதாவது சொன்னாங்களா அய்யா, யோசிச்சுச் சொல்லுங்க என்றாள். அப்பா யோசித்தார். என்னமோ நீளமா இங்கிலீஷ்ல சொல்லிச்சு, ஆஸ்பத்திரி பேராக்கும்னு நெனச்சேன் என்றார்.

அது ஆஸ்பத்திரி பெயர் இல்லை. ஹெபடைடிஸ். ஹெபடைடிஸ் பி என்பது ஈரலில் குடியிருக்கிற கிருமி. அவருக்குச் சின்ன வயதிலேயே வந்திருக்கும், சத்தமில்லாமல் இருந்திருக்கும், இருக்கிறது என்று சொல்லத்தான் அந்தப் பெண் போன் பண்ணியிருக்கிறாள். அன்றே போயிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் ஸ்கேனும் பார்த்திருப்பார்கள், கட்டி கடலைப்பருப்பு அளவில் இருக்கும்போதே கண்டுபிடித்திருப்பார்கள். அப்ப லேப்ல நார்மல்னு சொன்னானே என்று நான் கேட்டேன். சில பேருக்குக் கட்டி இருந்தாலும் ரத்தத்துல ஏறாதும்மா, ரத்தத்தை மட்டும் நம்பக்கூடாது, ரெண்டையும் சேர்த்துப் பாக்கணும் என்றாள் டாக்டர். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, அவள் போன பிறகு, என்னிடம் மெதுவாக, பி பாசிட்டிவ்னா நல்ல ரத்தம்தானட்டி என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு யாராவது ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தெளிவோடு அவர் என்னிடம் பேசியது அதுதான் கடைசி. பிறகு ஈரல் கழிக்காத நஞ்சு தலைக்கு ஏறிவிட்டது. என்னைத் தன் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கெட்ட வார்த்தையில் திட்டினார், சவாரி வந்துவிட்டது என்று இறங்கப் பார்த்தார். கையைக் கட்டிலோடு கட்டி வைத்தார்கள். இதை நீ பார்க்கவில்லை. பார்க்காததால்தான் உன்னால் குடித்திருப்பாரோ என்று கேட்க முடிந்தது.

வீட்டில் எல்லோரும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாள். எனக்கு அந்தக் கிருமி வந்து, தானாகவே போய்விட்டதாம். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் அப்படிப் போய்விடுமாம், பிள்ளைகளுக்கு வந்தால் தங்கிவிடுமாம். நீங்க அதிர்ஷ்டசாலி என்றாள். சின்னப் பெண், தெரியாமல் சொல்லிவிட்டாள். எப்படி ஒட்டியிருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சனிக்கிழமை சாயந்தரம் அப்பா பிளேடை இரண்டாக ஒடித்து, முகம் மழித்துவிட்டு, அதே பாதியால் உன் பிடரியை வழித்துவிடுவார். சுஜாவுக்கு வேனல் கட்டி வந்தால் அதே பிளேடால் கீறிவிடுவார். அதைச் சொன்னேன். இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது என்றாள். அங்கன்வாடியில் நான் மடியில் வைத்துக் காலைப் பிடித்துக்கொடுத்த பிள்ளைகளுக்கெல்லாம் இதற்கு ஊசி போட்டிருக்கிறார்கள். அந்த ஊசி நம் பக்கம் வருவதற்குள் நீயும் சுஜாவும் பிறந்துவிட்டீர்கள்.

சுஜாவுக்கு இருக்கிறது. கிருமி இருக்கிறது, கட்டி இல்லை. இதைக் காலையில் எழுந்ததும் சொல்லிப் பார்க்கிறேன், இரண்டாவது பாதியை மட்டும். மாத்திரை இப்போது வேண்டாம், விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றார்கள். பார்ப்பதற்கு இங்கே போனால் கிட் வரவில்லை என்கிறார்கள். கிட் என்பது ஒரு அட்டைப்பெட்டி, அது வந்தால்தான் சோதனை. வந்ததும் போன் பண்ணுதேன் டீச்சர் என்கிறாள் லேப் பெண். நானே நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன் என்றேன். போன மாதம் கழுகுமலைக்கு ஒரு வேன் வந்தது, ஆராய்ச்சிக்காரர்கள். ஸ்கேன் இல்லாத ஊரிலும் விரலில் குத்தி எடுக்கிற சொட்டு ரத்தத்தை வைத்து ஈரல் கேன்சரை முளையிலேயே பிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். கிருமி இருக்கிறவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள், நான் சுஜாவைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். எப்ப முடிவு சொல்லுவிய என்று அவள் கேட்டாள். முடிவு சொல்ல மாட்டோம் அக்கா, சோதனை சரியா வேலை செய்யுதான்னு பாக்கதுக்குத்தான், பின்னால வாரவங்களுக்கு உதவும் என்றாள் அங்கே இருந்த பெண். முன்னால போனவருக்கும் ஒண்ணும் கெடையாது, நடுவுல நிக்கவளுக்கும் ஒண்ணும் கெடையாது, பின்னால வாரவனுக்கு மட்டும் என் ரத்தமாக்கும் என்று கேட்டுவிட்டு சுஜா விரலை நீட்டினாள். அவள் அப்படித்தான். வாய் ஒன்று சொல்லும், கை ஒன்று செய்யும். உனக்கு வாய் மட்டும்தான்.

அவள் கல்யாணம் நின்றது உனக்குத் தெரியும், நிறுத்தியது நான் என்றும் தெரியும். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க இருந்த வாரம் நானே சாத்தூருக்குப் போய் மாப்பிள்ளை வீட்டில் சொன்னேன். மாப்பிள்ளை மூன்று ஊசி போட்டுக்கொண்டால் அவருக்கு ஒட்டாது, பிள்ளை பிறந்த அன்றே ஊசி போட்டால் அதற்கும் பயம் இல்லை என்று டாக்டர் சொன்னதை வரி பிசகாமல் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பாசிட்டிவுன்னா அந்த நோவுதான டீச்சர் என்றாள். எய்ட்ஸ் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அது வேறு, இது வேறு என்றேன். எல்லாம் ரத்தத்துலதான இருக்கு என்றாள். ஒரு வாரத்தில் ஊர் முழுக்க அந்த நோவுதான். நீ அம்மாவா, பஸ் ஸ்டாண்டு மைக்கா என்று சுஜா கேட்டாள். அதற்குப் பிறகு என் கையால் சாப்பிடுவதில்லை. ஒரே அடுப்பில் நான் இறக்கிய பிறகு அவள் வைக்கிறாள். நான் செய்தது சரி. அந்தப் பையனுக்குத் தெரியாமல் அவளை அனுப்பியிருந்தால் அவள் சிரித்த முகத்தோடு போயிருப்பாள், நானும் நல்ல அம்மாவாக இருந்திருப்பேன். இன்றைக்குக் கேட்டாலும் சாத்தூருக்குப் பஸ் ஏறுவேன்.

நம் கோயிலில் திருவிருந்தில் திராட்சரசத்துக்கு ஒரே பாத்திரம். ஒருவர் வாய் வைத்த இடத்தில் அடுத்தவர். போன முறை சுஜா முழங்கால் போட்டதும் அவளுக்கு வலது பக்கம் வரிசை காலியானது. பொன்மணி அத்தை மூட்டு வலிக்குது என்று எழுந்து போனாள். மறுநாள் போதகர் ஐயா வீட்டுக்கு வந்து, டீயைத் தொடாமல், சபை சமாதானத்துக்காவ தங்கச்சி கடைசியா வரட்டுமே டீச்சர் என்றார். ஒட்டாது என்று அவருக்கும் தெரியும், படித்தவர். ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். இன்று சுஜா கடைசியாகப் போனாள். நான் அவளுக்கும் கடைசியாகப் போனேன். அவள் வாய் வைத்த இடத்தைப் போதகர் துணியால் துடைக்க வந்தார், நான் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன், அந்த இடத்திலேயே குடித்தேன். சுஜா திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து தனியாகத்தான் உலை வைத்தாள்.

இப்போது உன் விஷயம். போன மாதம் சொன்னாய், யம்மா, மயூரிக்கும் அவ வீட்டுக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம், கல்யாணம் முடியட்டும், பொறவு மெள்ள டெஸ்ட் எடுத்துக்கிடுதேன் என்று. கூட வேலை பார்க்கிற பெண், நல்ல பெண், வேற்று மொழிக்காரி, மாமியார் ஆகப் போகிறவள் என்று ஞாயிறுதோறும் என்னைக் கூப்பிட்டு ஹேப்பி சண்டே சொல்கிறவள். அவளை வைத்துக்கொண்டு நீ மெள்ளப் பார்க்கப் போகிறாய். கோயிலிலிருந்து வந்ததும் இன்றைக்கு நானே அவளைக் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பதிவேட்டில் எழுதுகிற மாதிரி சொன்னேன். ஃபாதர் லிவர் கேன்சர். சிஸ்டர் வைரஸ். ஜோபின் நோ டெஸ்ட். யூ த்ரீ இன்ஜெக்‌ஷன், தென் மேரேஜ். ஒன் மினிட் ஆன்ட்டி என்றாள், கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு நிறையக் கேட்டாள், பாதி புரியவில்லை. அப்பா இறந்தது ஹார்ட்டால் என்றல்லவா ஜோபின் சொன்னான் என்று கேட்டது புரிந்தது. நோ ஹார்ட் என்றேன். இது ஜோபினுக்குத் தெரியுமா என்று கேட்டாள். எஸ் என்றேன். எப்போதிருந்து என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. இருப்பாளா போய்விடுவாளா என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உனக்கு எல்லாம் நடந்து முடிந்திருக்கும். டெஸ்ட் எடுக்காமல் இருக்க உன்னிடம் ஒரே ஒரு காரணம் இருந்தது. அதை நான் எடுத்துவிட்டேன். இனி உனக்கு யாரிடமும் மறைக்க ஒன்றும் கிடையாது.

முதலில் கிருமி இருக்கிறதா என்று பார். இல்லை என்றால் ஊசி போட்டுக்கொள். இருந்தால் ரத்தம், ஸ்கேன் இரண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆயுசு முழுக்க. அப்படியே உன் ரத்தம் என்ன வகை என்றும் கேள், அட்டையில் இருப்பதை நம்பாதே. பூசணம் பிடித்த கடலையைத் தின்னாதே, கசந்தால் துப்பிவிடு, அதுவும் ஈரலுக்கு ஆகாதாம். உன்னை ஆசீர்வதிக்கிறேன். என்னை வெறுத்துக்கொண்டே எழுபது எண்பது வயது வரை இரு. உன் பிள்ளைகளிடம் என்னைப் பற்றிக் கெட்டதாகச் சொல், அவர்களும் அவர்கள் பிள்ளைகளிடம் சொல்லட்டும். கர்த்தர் உனக்கு அவ்வளவு நாளையும் தருவாராக.

இதை வாசித்த மறுநாள் காலையிலேயே போ. மயூரி கூட வந்தால் அவளுக்கும் ஊசி கேள். வராவிட்டாலும் போ.

உன் தாய்,
எஸ்தர்ராணி